தென்மராட்சியில் சொந்த நெல்லைக் குற்ற ஒரு சின்ன மில்

யாழ்ப்பாண மாவட்டத்தில், சாவகச்சேரிக்குக் கிழக்கே இருக்கும் இந்த மில்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டகை, முன்னால் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம், உள்ளே றப்பர் உருளை போட்ட கோது நீக்கும் மெஷின் ஒன்று, தீட்டும் மெஷின் ஒன்று, மூலையில் மா அரைப்பதற்கு ஒன்று. வெளியில் இருந்து பார்த்தால் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் வயல் செய்கிற ஒரு குடும்பத்துக்கு இந்தக் கொட்டகை செய்கிற உதவி பெரிது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே நெல்லை விலைக்கு வாங்குவதில்லை, கூலிக்குக் குற்றிக் கொடுப்பது மட்டும்தான். ஒரு மூடை கொண்டுபோனாலும் அதைத் தனியாகவே குற்றுவார்கள். உங்கள் நெல்லோடு இன்னொருவருடைய நெல் கலக்காது. முன்னால் நின்றே பார்க்கலாம். முடிந்ததும் அரிசி, குறுணல், தவிடு, உமி எல்லாம் வெவ்வேறு சாக்கில் உங்கள் கைக்கு வரும். கூலி நெல்லின் நிறைக்குத்தான், இந்தப் போகத்தில் கிலோவுக்கு 8 ரூபா.

நான் கொண்டுபோனது பச்சைப்பெருமாள் என்ற சிவப்பரிசி நெல். நன்றாகக் காய்ந்த நெல்லில் 100 கிலோவுக்கு 66 கிலோ அளவில் அரிசி கிடைத்தது, குறுணல் கொஞ்சம்தான். பழைய இரும்பு மில்லில் குற்றினால் இப்படி வராது. அது நெல்லை நெரித்துத்தான் கோது கழற்றும், அரிசி உடையும், உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்துவிடும். றப்பர் உருளை இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால் கோது உரிந்து போகும், அரிசி முழுதாக நிற்கும். தவிடு சுத்தமாக வருவதுதான் எனக்குப் பெரிய காரியம். உமி கலந்த தவிட்டை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். இந்தத் தவிட்டுக்குத் தொட்டி காலி.

மில்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெல்லை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்ப்பார், பிறகு ஈரப்பதன் பார்க்கும் கருவியையும் வைப்பார். நூற்றுக்கு 14க்கு மேல் காட்டினால் குற்றமாட்டார். எனக்கு முன்னால் நின்ற ஒருவரிடம், "தம்பி, இன்னும் ஒரு வெயில் காட்டிக்கொண்டு வாங்கோ, இப்ப குத்தினா உங்களுக்குக் குறுணல்தான் மிஞ்சும்" என்று சொல்லித் தன் தளத்திலேயே காயப்போட இடமும் கொடுத்தார். வந்த கூலியை வேண்டாம் என்று சொல்லி ஒருவருடைய அரிசியைக் காப்பாற்றுகிற மனிதரை நான் மதிக்கிறேன்.

இந்தச் சேவையின் அருமை எனக்கு நன்றாகப் புரிந்தது இந்தோனேசியாவில். மத்திய ஜாவாவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த காலத்தில், செமாரங் நகருக்கு வெளியே ஒரு நெல் கிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வாய்க்கால் தண்ணீர் வருகிற ஊர். ஒரு வயலில் அறுவடை நடக்கும்போது பக்கத்து வயலில் நாற்று நடுவார்கள். மழையை மட்டும் நம்பிக் கால போகம் ஒன்றோடு நிற்கிற நமக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் காணித் துண்டுகள் மிகச் சிறியவை. அரை ஹெக்டேயருக்குக் குறைந்த காணியில் சீவிக்கிற குடும்பங்கள்தான் அங்கே அதிகம்.

நான் இருந்த வீட்டு அம்மா தன் தாயின் காலத்தைச் சொல்லுவார். அறுவடை என்றால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் வயலில் இறங்குவார்களாம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஆனி-ஆனி என்ற சின்னக் கத்தியால் கதிர் கதிராக அறுத்து, அறுத்ததில் ஒரு பங்கைக் கூலியாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். காணி இல்லாத வீட்டிலும் அதனால் நெல் இருந்தது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் குட்டையான, கெதியில் விளைகிற புது நெல்லினங்கள் வந்தன. கத்தி போய் அரிவாள் வந்தது. வயலில் நிற்கிற பயிரையே தரகர் விலை பேசி வாங்கித் தன் ஆட்களை மட்டும் இறக்கி அறுக்கும் வழக்கம் பெருகியது. அதே காலத்தில் கிராமங்களுக்குள் நெல் மில்கள் வந்து, உலக்கை பிடித்த பெண்களின் கூலியையும் கொண்டுபோயின. விளைச்சல் ஏறியது உண்மை, 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டதாக அந்த நாடு பெருமையோடு அறிவித்தது. ஆனால் நெல் விளைகிற ஊரிலேயே கடையில் அரிசி வாங்குகிற வீடுகளை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அங்கே எனக்குப் பிடித்த ஒன்று, நடமாடும் மில். சின்ன லொறியின் பின்புறம் மெஷினைப் பூட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு ஒழுங்கை வருவார்கள். நெல்லை விற்காமல் வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஒரு சாக்கைத் தூக்கி வெளியே வைப்பார், முற்றத்திலேயே குற்றி முடிந்துவிடும். அந்த வீட்டில் அடுத்த சில கிழமைகளுக்குக் கடை அரிசி தேவையில்லை.

இப்போது நம் பக்கத்தைப் பாருங்கள். வெட்டு மெஷின் வயலை விட்டு ஏறுவதற்கு முன்பே தரகருடைய லொறி வரம்போரம் நிற்கும். ஈரம் என்று நிறையில் கழித்து, பச்சை நெல்லாகவே அள்ளிக்கொண்டு போவார்கள். உழவுக்கூலி, உரக்கடன், நகை மீட்பு எல்லாம் தலைக்கு மேல் இருப்பதால் நாமும் கொடுத்துவிடுகிறோம். சித்திரை பிறந்ததும் நெல்லை விற்ற அதே ஆட்கள் கடையில் பை அரிசி வாங்குகிறார்கள். எல்லா நெல்லையும் வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, கடன்காரர் காத்திருக்கமாட்டார். வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டியதையாவது காயவைத்து மூடை கட்டி வையுங்கள். நெல்லாக இருந்தால் அடுத்த போகம் வரை கிடக்கும். குற்றிய தவிட்டரிசி அப்படியல்ல, தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்கு மணம் வைக்கும், வண்டும் வரும். மாதத்துக்கு ஒருமுறை தேவைக்குக் குற்றுவதுதான் சரி. அதற்கு ஊருக்குள் இப்படி ஒரு மில் வேண்டும்.

எச் 4 நெல்லையும் இங்கே கொண்டுவருகிறார்கள். 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனம் அது, நம் நாட்டு முருங்கக்காயனையும் மாஸ் என்ற இந்தோனேசிய நெல்லையும் சேர்த்து எடுத்தது. அப்பா விதைத்த இந்த இனத்தின் ஒரு பாதி நான் இருந்த அந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோசம்.

2022ஐயும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்து போயிருந்தது. பங்குனிக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது, டீசலும் இல்லை. மில்காரர் கரண்ட் வருகிற நேரத்தைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, இரவிலும் குற்றிக் கொடுத்தார். கூலியை அந்த நேரம் ஏற்றவில்லை.

குறைகளும் இருக்கின்றன. கல் பிரிக்கும் மெஷின் இல்லை. தளத்தில் அல்லது வீதியில் காயப்போட்ட நெல் என்றால் அரிசியைச் சுளகில் புடைத்து, அரித்துத்தான் உலையில் போட வேண்டும். உருளை தேய்ந்திருக்கும் நாட்களில் அரிசிக்குள் நெல் மிஞ்சும். சொன்னால் இரண்டாம் முறை போட்டுத் தருவார், ஆனால் நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தூசு மிக அதிகம். இழுப்பு இருப்பவர்கள் உள்ளே நிற்க வேண்டாம். பெண்கள் இருந்து காத்திருக்க ஒரு வாங்குகூட இல்லாதது எனக்கு மிகவும் மனக்குறை, அதை நேரே சொல்லியும் இருக்கிறேன். புழுங்கல் வேண்டுமானால் வீட்டிலேயே அவித்துக் காயவைத்துக்கொண்டு போக வேண்டும், அவிக்கிற வசதி இங்கே இல்லை.

சாக்கை நீங்களே கொண்டுபோங்கள், காயப்போடுவதென்றால் படங்கும் வேண்டும். எவ்வளவு தீட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒருதரம் தீட்டித் தருவார், சிவப்பு பாதி போய்விடும். மாசி, பங்குனியில் கூட்டம் அதிகம், போன் எடுத்துவிட்டுப் போங்கள். மா அரைக்க மட்டும் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். அதற்குப் பிறகு அதே மெஷினில் மிளகாய்த்தூள் அரைக்கத் தொடங்கிவிடுவார்கள், உங்கள் புட்டு மாவில் காரம் ஏறும்.