நமக்கு நாமேயா, எம்.எல்.ஏ. நிதியா?

பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், பஞ்சாயத்தில் பணமில்லை. யாரிடம் கேட்பது?

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி என்றால் ஊர் ஒரு ரூபாயும் போட வேண்டாம். ஆனால் தொகுதி முழுவதற்குமே ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்தான். எந்த வேலை என்று பரிந்துரைப்பவர் எம்.எல்.ஏ.; மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

1997-98-ல் தொடங்கிய நமக்கு நாமே திட்டம், இடையில் தன்னிறைவுத் திட்டமாகி, 2021-ல் பழைய பெயரிலேயே திரும்பியது. இதில் வேலையின் மதிப்பீட்டுத் தொகையில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும்; மீதியை அரசு தரும். 9 லட்சம் ரூபாய் சுவருக்கு 3 லட்சம். பாதியோ அதற்கு மேலோ பணம் போட்டால் வேலையை ஊரே எடுத்துச் செய்யலாம். முன்னாள் மாணவர்கள், வெளியூரில் சம்பாதிப்பவர்கள் கைகொடுக்கும் ஊருக்கு இதையே சொல்வேன். காசு போட்டவர்கள் கலவையைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள்.

கூலி வேலையை நம்பியிருக்கும் ஊர் 3 லட்சத்துக்கு எங்கே போகும்? அங்கே எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கே நடங்கள், கிராமசபைத் தீர்மான நகலோடு.