விறகு அடுப்பா, எண்ணெய் அடுப்பா? அலாஸ்கா காட்டுக் குடில்கள்: ஓர் ஒப்பீடு

அலாஸ்காவின் அரசு நிலங்களில் 'பப்ளிக் யூஸ் கேபின்' எனப்படும் மரக்குடில்கள் நிறைய உண்டு. ஒரு குழு பதிவு செய்தால் குடில் முழுதும் அவர்களுக்கே. மெத்தையில்லாத மரப் பலகைப் படுக்கை, மேசை, பெஞ்சு, அடுப்பு, வெளியே குழிக் கழிப்பறை: பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, காவலாளும் கிடையாது. பலர் படத்தில் தெரியும் ஏரியையும் பனிமலையையும் பார்த்துக் குடிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, அறையைச் சூடாக்க உள்ளே இருப்பது விறகு அடுப்பா, டீசலோ மண்ணெண்ணெயோ எரிக்கும் எண்ணெய் அடுப்பா என்பதை. எதைச் சுமக்க வேண்டும், எப்படிப் போக வேண்டும், இரவு தூக்கம் வருமா என்ற எல்லாமே அதையொட்டித்தான் அமையும்.

இரண்டு வட்டாரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். தென்கிழக்கில் டொங்காஸ் தேசிய வனம் கடலோர மழைக்காடு. அங்குள்ள கெட்சிக்கன் ஊரில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் மழை பெய்கிறது. ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வடக்கே உள்ள வைட் மவுண்டன்ஸ் பகுதியோ வறண்ட உள்நாடு. ஃபேர்பேங்க்ஸில் ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் சுமார் 300 மில்லிமீட்டர்தான். ஆனால் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கும். முதல் இடத்தில் குளிர் மிதம், ஈரம் கொடுமை. இரண்டாவது இடத்தில் நேர்மாறு.

விறகு அடுப்புக்கு ஏற்ற இடம் வைட் மவுண்டன்ஸ். நின்றபடியே காய்ந்துபோன ஸ்ப்ரூஸ் மரங்கள் கிடைக்கும். பழைய காட்டுத்தீ கடந்துபோன சரிவுகளில் அவை இன்னும் அதிகம். மணிக்கட்டு தடிமனுள்ள காய்ந்த மரத்தை வில் ரம்பத்தால் அறுத்து, பாதியைப் பிளந்து வைத்தால் தீ உடனே பற்றும். குடிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் இருட்டுவதற்குள் விறகு வேலையை முடித்துவிட வேண்டும். 'ஓர் இரவுக்கு இது போதும்' என்று மனம் சொல்லும் அளவைப் போல இரண்டு மடங்கு அறுத்து வையுங்கள். காய்ந்த ஸ்ப்ரூஸ் வேகமாக எரிந்து தீர்ந்துவிடும். நடு இரவில் ஒருவர் எழுந்து கட்டை போட்டே ஆக வேண்டும்.

அதே விறகு அடுப்பு டொங்காஸில் பாடாய்ப் படுத்தும். தேசிய வனத்தில் பட்டுப்போய் விழுந்து கிடக்கும் மரத்தைத்தான் எடுக்கலாம். அதுவும் மழையில் பஞ்சுபோல் ஊறிக் கிடக்கும். ஈரக்கட்டை வெப்பம் தராமல் புகை தரும். அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கிக்குள் தார்போலப் படிந்து, பின்னொரு நாள் யாரோ பெரிய தீ மூட்டும்போது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். அங்கே விறகு அடுப்புள்ள குடில்தான் வாய்த்தது என்றால், காய்ந்த சுள்ளியும் ஒரு கட்டு பிளந்த விறகும் ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

எண்ணெய் அடுப்பு இந்தத் தொல்லையிலிருந்து விடுவிக்கும். மாறாக இரண்டு நிபந்தனைகள் வைக்கும். முதலாவது, எண்ணெயை நீங்களே கொண்டுபோக வேண்டும். ஐந்து கேலன் கேன் என்றால் சுமார் 19 லிட்டர், 15 கிலோ. படகில் போகிறவருக்கு இது ஒன்றுமில்லை. கடல் விமானத்தில் போகிறவர் விமானியிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நடந்து போகிறவருக்குத்தான் இது தண்டனை. தென் அலாஸ்காவில் கீனாய் தீபகற்பத்தின் டெவில்ஸ் பாஸ் குடில் இதற்குச் சரியான உதாரணம்: மரம் வளராத உயரத்தில் இருப்பதால் விறகுக்கு வழியில்லை, நெடுஞ்சாலையிலிருந்து 16 கிலோமீட்டர் ஏற்றம் வேறு. அதே மலைத்தொடரில் தாழ்வாக உள்ள ஸ்வான் லேக், ஜூனோ லேக் குடில்களைச் சுற்றிக் காடு இருக்கிறது. கோடையில் நடந்து போகிறவருக்கு அவைதான் நிம்மதி.

இரண்டாவது நிபந்தனை எண்ணெயின் வகை. நம்பர் 1 டீசல் அல்லது மண்ணெண்ணெய் மட்டுமே. சாதாரண நம்பர் 2 டீசல் குளிரில் மெழுகாகி இறுகிக் குழாயை அடைத்துவிடும், அடுப்பில் கரியும் படியும். பெட்ரோலையோ முகாம் அடுப்புக்கான வெள்ளை பெட்ரோலையோ மறந்தும் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும்.

பற்றவைக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். வெளித்தொட்டியில் எண்ணெய் ஊற்றி அதன் வால்வைத் திறந்து சில நிமிடம் காத்திருங்கள். பிறகு அடுப்பின் திருகை மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். அடுப்புக்குள் எண்ணெய் எரியும் கிண்ணத்தின் அடியில் சிறு வட்டமாக எண்ணெய் ஊறியதும், கொளுத்திய காகிதத் துண்டைப் போட்டு மூடியை மூடுங்கள். கால் மணி நேரம் கழித்து, சூடேறிய பிறகே திருகைக் கூட்டுங்கள். வழக்கமாக நடக்கும் தவறு அவசரம்தான். தீ பற்றவில்லை என்று திருகைக் கூட்டினால் கிண்ணம் நிரம்பிவிடும், பிறகு பற்றும்போது அடுப்பு உறுமிக்கொண்டு சிவக்கும். அணைந்த அடுப்பு சூடாக இருக்கும்போது திரும்பப் பற்றவைப்பது இன்னும் மோசம். ஆவியான எண்ணெய் முகத்தை நோக்கிப் பாயும். முழுதும் ஆறட்டும், தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள், அதன் பிறகு தொடங்குங்கள்.

அடுப்பு எதுவானாலும் சன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துத் தூங்குங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

போய்வரும் வழியிலும் வேறுபாடு பெரிது. டொங்காஸில் மேகம் இறங்கினால் கடல் விமானம் வராது. அதனால் இரண்டு மூன்று நாள் உணவு கூடுதலாக வேண்டும். படகில் போனால் ஓதம் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும் என்பதைக் கணக்கிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் காலையில் படகு பாறைமேல் கிடக்கும். வைட் மவுண்டன்ஸில் ஆபத்து காலடியில். உறைந்த ஓடையின் மேல் பனிக்கட்டிக்கும் மென்பனிக்கும் இடையே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. மைனஸ் 30-இல் பூட்ஸ் நனைந்தால் விரல் போய்விடும். மாற்றுக் காலுறையை எட்டும் இடத்தில் வையுங்கள். அங்கே முதன்முறை போகிறவர் மார்ச்சில், எலியட் நெடுஞ்சாலையிலிருந்து 11 கிலோமீட்டரில் உள்ள லீஸ் குடிலைப் பிடிப்பது நல்லது. அதே நெடுஞ்சாலையிலிருந்து 32 கிலோமீட்டர் தள்ளி பீவர் க்ரீக் கரையில் உள்ள பொரியாலிஸ்-லெஃபெவ்ர் குடில் இரண்டாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

வைட் மவுண்டன்ஸில் குளிர்காலத்தில் தண்ணீர் என்றால் பனியை உருக்குவதுதான். பொடிப்பனி பத்து லிட்டர் போட்டால் ஒரு லிட்டர் தேறும். பானையில் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுப் பனியைச் சேர்த்தால் அடி பிடிக்காது. கடலோரத்தில் ஓடை நீர் தாராளம், ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்.

வன இலாகாக் குடில்களுக்கான பதிவு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பொதுவாக 180 நாள் முன்னதாகத் திறக்கும். கோடை வார இறுதிகள் உடனே தீர்ந்துவிடும். குடிலின் பக்கத்தில் அடுப்பின் வகையும் எண்ணெய்க் குறிப்பும் இருக்கும், பணம் கட்டுமுன் படியுங்கள்.

கிளம்பும்போது விறகுக் குடிலில் ஆறிய சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, அடுத்து வருபவருக்கு ஒரு கைப்பிடி சுள்ளியும் ஒரு வேளைக்கான விறகும் வையுங்கள். எண்ணெய்க் குடிலில் அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது, வெளித்தொட்டியின் வால்வையும் மூட வேண்டும். அதைத் திறந்தபடி விட்டால் எண்ணெய் மெல்லக் கசிந்து கிண்ணத்தில் தேங்கும், அடுத்து வந்து தீக்குச்சி கிழிப்பவருக்கு அது தெரியாது.