பி.எம். கிசான் உதவித்தொகை: டெல்டாவின் ஒரு சிறு விவசாயக் குடும்பம் தரும் மதிப்பீடு

திருவாரூர் மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர் சொந்த நிலத்திலும் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்திலும் நெல் பயிரிடும் எங்கள் குடும்பத்துக்கு, ஊரில் சுருக்கமாக ‘கிசான் பணம்’ என்று சொல்லப்படும் மத்திய அரசின் உதவித்தொகை தொடக்க காலத்திலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. ஒரு சேவை என்ற முறையில் இது எப்படி நடக்கிறது, பணம் வந்ததால் வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். தொகை எவ்வளவு என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. என் கணிப்பில் அது எந்த நாளில் வருகிறது, யார் பெயரில் வருகிறது என்ற இரண்டையும் பொறுத்தே பயன் கூடுகிறது அல்லது குறைகிறது.

2019 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அதே மாதம் 24-ஆம் தேதி கோரக்பூரில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக, தவணைக்கு 2,000 ரூபாய் வீதம், விவசாயியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துகிறது. முதலில் இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் இருந்தது. சில மாதங்களிலேயே நிலமுள்ள எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வருமான வரி கட்டுவோர், பெரும்பாலான அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர் போன்றவர்களுக்கு இடமில்லை.

இரண்டாயிரம் ரூபாய் என்பது இன்றைய சாகுபடிச் செலவில் எவ்வளவு? 50 கிலோ டி.ஏ.பி. உர மூட்டை 1,350 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு தவணைப் பணத்தில் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கினால் மிச்சம் சில்லறைதான். உழவு, நடவு, அறுவடை இயந்திர வாடகை ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் இது மிகச் சிறிய தொகை. ஆனாலும் உரக்கடையில் இதன் மதிப்பு வேறு. அறுவடையில் தருகிறேன் என்று சொல்லிக் கடனுக்கு வாங்குகிறவரிடம், யூரியா மூட்டையோடு அவர் கேட்காத நுண்ணூட்டப் பொட்டலத்தையோ ஏதோ ஒரு திரவ பாட்டிலையோ சேர்த்துத் தள்ளிவிடுவது பல ஊர்களில் உள்ள வழக்கம். வேண்டாம் என்று சொன்னால் மூட்டை கிடைக்காது. ரொக்கத்தை எடுத்து வைக்கிறவர், யூரியா மட்டும் போதும், பில்லைப் போடுங்கள் என்று சொல்ல முடிகிறது. அப்பா அப்படிச் சொல்ல ஆரம்பித்ததை நான் கவனித்திருக்கிறேன். கணக்கில் பார்த்தால் சேமிப்பு ஒரு முந்நூறு, நானூறு ரூபாய்தான். கடைக்காரர் முன்னால் அவர் நிற்கும் தோரணையே அதற்குப் பிறகு மாறிவிட்டது.

இலவசமாகப் பணம் கொடுத்தால் டாஸ்மாக்கில்தான் போய்ச் சேரும் என்ற பேச்சு எங்கள் ஊர் டீக்கடையிலும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2011-12 காலத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சில கிராமங்களில், பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்து, பிறகு அதை 300, 150 என்று உயர்த்திச் சோதித்தன. குடிச் செலவு கூடவில்லை, ஆடு மாடு வாங்குவதும் சொந்த நிலத்தில் உழைப்பதும்தான் கூடின என்பதே அங்கே கண்டது. எங்கள் வீட்டிலும் பணம் போன வழிகள் உரம், நகைக்கடன் வட்டி, பள்ளிக்கூடச் செலவு ஆகியவையே.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது தேதி. தவணைகள் ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச் என்ற காலப் பகுதிகளுக்கு உரியவை. ஒரு தவணை எந்த நாளில் வரும் என்பது, பிரதமர் கலந்துகொள்ளும் விழா எந்த ஊரில் எப்போது நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 2024-இல் 17-ஆம் தவணை ஜூன் 18 அன்று வாரணாசியில் விடுவிக்கப்பட்டது. ஜூனில் தொடங்கும் குறுவை நெல்லுக்குச் சரியான நேரம்தான், ஆனால் அந்த ஆண்டு எங்கள் பாசனத்துக்கான மேட்டூர் அணை ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. வயல் காய்ந்து கிடந்ததால் பணம் பள்ளி நோட்டுப் புத்தகங்களுக்கும் வட்டிக்கும் போயிற்று. மறு ஆண்டு அணை ஜூன் 12 அன்றே திறந்தது. 20-ஆம் தவணையோ ஆகஸ்ட் 2 அன்று வந்தது. குறுவை அடியுரத்துக்கு அதற்குள் கடன் வாங்கியாயிற்று. 21-ஆம் தவணை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூர் விழாவில் விடுவிக்கப்பட்டு, சம்பாவின் மேலுரத்துக்குக் கைகொடுத்தது. விழாவுக்கு ஏற்றபடி பணம் வருவதை விட்டுவிட்டு, குறுவைக்கும் சம்பாவுக்கும் முன்பாகத் தேதி குறித்துக் கொடுத்தால், ஒரு ரூபாயும் கூட்டாமலே இதன் பயனைப் பெருக்கலாம்.

இதோடு ஒப்பிட எங்கள் வீட்டிலேயே இன்னொரு பண உதவி இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய் அம்மாவின் கணக்கில் விழுகிறது. ஆண்டுக் கணக்கில் அது அப்பாவின் பணத்தைப் போல இரண்டு மடங்கு. மாதத்தின் நடுவில் வந்துவிடும் என்று தெரிவதால் அம்மா அதை நம்பி மளிகைக் கடைக்கும் சீட்டுக்கும் நாள் சொல்கிறார். கிசான் பணத்தை நம்பி யாருக்கும் நாள் சொல்ல முடியாது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரிலேயே இருப்பதால் கிசான் பணம் அவர்கள் கைக்குப் போகிறது. நாற்றுப் பறிப்பிலும் களை எடுப்பிலும் பாதி வேலை பார்க்கிற பெண்ணுக்கு அதில் கேள்வி கேட்கும் உரிமைகூடச் சில வீடுகளில் இல்லை. (எங்கள் வீட்டில் உண்டு, நகைக்கடன் ரசீது அம்மாவின் பெட்டியில் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.)

அடுத்த குறை இதைவிடப் பெரியது. அப்பா குத்தகைக்கு உழும் இரண்டு ஏக்கருக்கு அவருக்கு எதுவும் இல்லை. நில உரிமையாளர் பெயரில்தான் திட்டம் போகிறது. கோயில் நிலங்களும் பெரிய பண்ணை நிலங்களும் மிகுந்த இந்த டெல்டாவில் குத்தகையை மட்டும் நம்பி உழுகிறவர்கள் ஏராளம். நடவுக்கு வரும் கூலித் தொழிலாளர்களைப் பற்றியோ பேச்சே இல்லை. தெலங்கானா 2018 மே மாதம் தொடங்கிய ரைத்து பந்து, பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய், பிறகு 5,000 ரூபாய் என்று தாராளமாகக் கொடுத்தும் குத்தகைதாரரை விட்டுவிட்டது. ஒடிசாவின் காலியா திட்டம் அவர்களையும் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே செய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை. 2024 டிசம்பரில் வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, தொகையை 12,000 ரூபாயாக உயர்த்தவும் குத்தகை விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் உதவி தரவும் பரிந்துரைத்தது. 2019-இல் வைத்த அதே 6,000 ரூபாய் விலைவாசியில் தேய்ந்துகொண்டிருப்பதால், முதல் பரிந்துரையும் நியாயமானது, இரண்டாவதுதான் அவசரமானது.

சேர்வது எளிதா என்றால், காகிதங்கள் சரியாக இருந்தால் எளிது. 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோரைப் பட்டியலில் சேர்த்து 110 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி நடந்தது வெளிவந்த பிறகு சரிபார்ப்பு இறுகியது. ஆதார் வழியான இ-கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். அதற்குச் செல்போன் ஓ.டி.பி., பொது சேவை மையத்தில் கைரேகை, செயலியில் முகப்பதிவு என மூன்று வழிகள் உள்ளன. மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்த முதியவர்களுக்கு முகப்பதிவே நல்லது. அதற்கும் வீட்டில் ஒரு பிள்ளையின் போன் வேண்டும்.

புதிதாக விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள் முதலில் பட்டாவைப் பாருங்கள். இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இன்னும் இருந்தால், அல்லது பங்காளிகளோடு கூட்டுப் பட்டாவாக இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டுவிட்டு அதன் பிறகு வாருங்கள். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குத் தகுதி கிடையாது. வாரிசு வழியாக வந்த நிலத்துக்கு உண்டு. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும், திட்டத்துக்கான இணையதளத்தில் பயனாளி நிலை என்ன காட்டுகிறது என்பதையும் விதைப்புக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நடவு தொடங்கிவிட்டால் அலுவலகத்துக்கு அலைய யாருக்கும் நேரம் இருக்காது.