1010 வின்ஸ்: கார் ஓட்டுகிறவர்களின் வானொலி

நியூ ஜெர்சியில் புதிதாகக் குடியேறி, மன்ஹாட்டனுக்குக் காரில் போய்வரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நியூயார்க்கின் செய்தி வானொலியான 1010 வின்ஸை (WINS) அறிமுகப்படுத்தவே தேவையில்லை.

பாட்டு கிடையாது. இருபத்துநாலு மணி நேரமும் செய்திதான். "22 நிமிஷம் கொடுங்கள், உலகத்தையே தருகிறோம்" என்பது அவர்களுடைய பழைய வாசகம். உலகத்தையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பிராங்க்ஸில் தீ விபத்து, குயின்ஸில் துப்பாக்கிச் சூடு, மேயர் என்ன சொன்னார், சாயங்காலம் மழை உண்டா, இந்த ரகம்தான். ஆனால் சொல்வதைச் சுருக்கமாக, பிசிறில்லாமல் சொல்வார்கள்.

என்னைப் பொறுத்தவரை இதன் உயிரே டிராஃபிக் தகவல்தான். 1, 11, 21 என்று ஒன்றில் முடிகிற நிமிஷங்களில் வரும். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் மேல்தளம் தேவலையா, கீழ்த்தளம் தேவலையா, லிங்கன் டனல் எப்படி, ஹாலந்து டனல் எப்படி, ரயில் தாமதமா என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். போனில் மேப் இருக்கிறதே என்பீர்கள். மேப் சிவப்புக் கோடு காட்டும். லாரி கவிழ்ந்ததா, சாலை வேலையா என்பதை இவர்கள் சொல்வார்கள். அது தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று ஊகிக்க முடியும்.

முன்பு ஏஎம் 880இல் டபிள்யூசிபிஎஸ் என்ற இன்னொரு நிலையம் இருந்தது. அதுவும் 1967 முதல் செய்தி நிலையம். அங்கே டிராஃபிக் 8, 18, 28இல் வரும். இங்கே 11இல் கோட்டைவிட்டால் 18இல் அங்கே பிடிக்கலாம். அதையும் விட்டால் மூன்றே நிமிஷத்தில் திரும்ப இங்கே. 2024 ஆகஸ்டில் 880 விளையாட்டு நிலையமாகிவிட்டது. இப்போது தவறவிட்டால் பத்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டியதுதான்.

வின்ஸின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1924இல் தொடங்கியபோது கிம்பெல் என்ற பெரிய கடைக்காரர்களின் நிலையம். 1932இல் ஹர்ஸ்ட் பத்திரிகைக் குழுமத்திடம் போனதும், அவர்களுடைய இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ் என்ற செய்தி நிறுவனத்தின் முதல் எழுத்துகள் (INS) பெயரில் ஏறின. செய்தி நிறுவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஐம்பதுகளில் ஓட்டியது என்னவோ ராக் அண்ட் ரோல்! ராக் அண்ட் ரோல் பாட்டுகளைப் போட்டுப் பேர்வாங்கிய அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் இங்கேதான் கொடிகட்டிப் பறந்தார். 1965 ஏப்ரல் 19இல், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் கையில் இருந்தபோது, பாட்டை மூட்டைகட்டிவிட்டு முழுநேரச் செய்திக்கு மாறினார்கள். வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் 'டகடக' என்று டெலிடைப் (கம்பி வழியே வரும் செய்தியைத் தட்டச்சு செய்யும் மெஷின்) சத்தம் கேட்கும். அந்த மெஷின் வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிறது, சத்தத்தை மட்டும் விடவில்லை. எனக்கு அது பிடிக்கும். என் மனைவிக்குத் தலைவலி.

குறை என்றால், விளம்பரம் அதிகம், ஆழம் குறைவு. வாடகைச் சட்டம் மாதிரியான விஷயத்தை ஒரு நிமிஷத்துக்குள் சொன்னால் என்ன புரியும்? வீட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்கிற சமாச்சாரம் இல்லை. அரை மணி தாண்டினால் அதே தீ விபத்து திரும்ப எரியும்.

ஏஎம்மில் கேட்டால் மேம்பாலத்துக்கு அடியில் கரகரக்கும். 2022 அக்டோபரிலிருந்து 92.3 எஃப்எம்மிலும் வருகிறது. சில மின்சாரக் கார்களில் ஏஎம்மே கிடையாது என்பதால், அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் நேராக 92.3க்குப் போய்விடுங்கள்.