மீன்பேனுக்கு வேம்பு, வெண்புள்ளிக்கு வெள்ளைப்பூடு: எது கேட்கும், எது கேட்காது

மட்டக்களப்புப் படுவான்கரையில் ரோகு, திலாப்பியா மீன்களைக் குளத்தில் வளர்க்கிறேன். ஒட்டுண்ணிக்கு இலை மருந்தே போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சில ஒட்டுண்ணிக்குப் போதும், அதுவும் அதன் வாழ்வில் ஒரு கட்டத்தில் மட்டும்.

எங்கள் பக்கம் ரோகுவை அதிகம் வாட்டுவது மீன்பேன். தட்டையாக, நிறமில்லாமல், செட்டையடியில் ஒட்டி இரத்தம் குடிக்கும். மீன் கரையிலும் கல்லிலும் உடம்பை உரசினால் ஒன்றைப் பிடித்துப் புரட்டிப் பாருங்கள். இது நண்டு, இறால் வகையைச் சேர்ந்தது. சட்டை கழற்றித்தான் வளரும். பூச்சிகள் சட்டை கழற்றுவதைக் குழப்புகிற அசாடிராக்டின் என்ற பொருள் வேம்பில் இருக்கிறது. நான் பார்த்த வரையில் சின்னப் பேன்கள் வேப்பஞ்சாற்றில் விழுகின்றன, முற்றியவை லேசில் விழுவதில்லை.

வேப்பிலையை இடித்து இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்த சாற்றைத் தனித் தொட்டியில்தான் விடுவேன். அதற்கு முன் வாளியில் நாலைந்து மீனை விட்டுப் பார்த்துவிடுவேன். மூலிகைதானே, என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். சாறு கடுத்தால் மீனே செத்துவிடும். குளத்தில் நேரே ஊற்றினால் குஞ்சுகளுக்குத் தீனியான மிதவை உயிர்களும் அழியும். வெயிலில் வேம்பின் வீரியம் சீக்கிரம் போய்விடும், ஆகையால் பொழுது சாய்ந்த பிறகே போடுவது நல்லது.

உண்மையில் என் குளத்தில் பேனைக் குறைத்ததில் பெரிய பங்கு பலகைத் துண்டுகளுக்கு. பேன் மீனின் மேல் முட்டையிடாது. கல், கம்பு, பலகை என்று கெட்டியான எதிலாவது இடும். பழைய பலகைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவிடுகிறேன். கச்சான் என்ற வறண்ட சூடான காற்று அடிக்கிற காலத்தில் ஒரு பகலிலேயே முட்டை கருகிவிடும். செலவே இல்லாத வேலை.

மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி போடுகிற ஒட்டுண்ணியான வெண்புள்ளி மாரியில் வரும். மழை பெய்து தண்ணீர் சடுதியாகக் குளிர்ந்தால் கவனமாக இருப்பேன். கண்ணுக்குத் தெரிகிற புள்ளி தோலுக்குள் இருக்கிறது, எந்தச் சாறும் அங்கே எட்டாது. அது உதிர்ந்து, அடியில் பெருகி, நீந்தி வேறு மீனைத் தேடும்போதுதான் அடிக்க முடியும். அதனால் மருந்தை ஒருமுறை போட்டுவிட்டு நிறுத்தக்கூடாது. வெள்ளைப்பூட்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்தால்தான் அல்லிசின் என்ற அதன் மருந்துச் சத்து ஊறும், அவித்தால் வராது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்துத் தீனியில் பிசைந்து அன்றைக்கே கொடுக்கிறேன். தீனி எடுக்காமல் ஒதுங்கும் மீன்கள் மறுபடி தின்ன வருகின்றன. ஆனாலும் புள்ளி நிறையப் படர்ந்துவிட்டால் நான் உப்புக்குத்தான் போவேன்.

நங்கூரப் புழுவுக்கு இலை மருந்து எதுவும் பலிக்கவில்லை. தலை சதைக்குள் புதைந்திருக்கும். தாய் மீனாக இருந்தால் சாவணத்தால் பிடுங்கிப் புண்ணில் மஞ்சள் பூசுகிறேன்.

மலக்கைட் பச்சை என்ற சாய மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் சாப்பிடுகிற மீனில் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் உணவு மீனுக்கு அது ஆகாது. நம் பிள்ளைகள் தின்கிற மீனுக்கும் வேண்டாம்.

புதுக் குஞ்சுகளை எங்கே வாங்கினாலும் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். ஒரு குளத்து வலையைக் காயவைக்காமல் அடுத்த குளத்தில் போடாதீர்கள்.