கைத்தாளமா, கீபோர்டா: வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எது?

டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுத்துகூட்டவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளையை எதில் சேர்ப்பது என்று தங்கச்சிமடம், மண்டபம் போன்ற கடலோர ஊர்களின் பெற்றோர் குழம்ப வேண்டாம்.

செலவு: தாளத்துக்குக் கை போதும். கீபோர்டுக்குக் கருவியும் மாதக் கட்டணமும் வேண்டும்.

நீடித்து உழைப்பது: உப்புக்காற்றில் கீபோர்டின் உள் இணைப்புகள் களிம்பேறும். வாசித்ததும் துணி போட்டு மூடுங்கள்.

எளிமை: கீபோர்டில் ஸ்வரத்தாள் (இசைக்குறிப்பு எழுதிய தாள்) வந்தால் எழுத்தோடு இன்னொரு குறியீட்டுச் சுமை. தாளத்தில் அது இல்லை.

வாசிப்புக்குப் பலன்: இங்கேதான் தாளம் முந்துகிறது. குறில் ஒரு மாத்திரை (ஒலிக்கும் நேர அளவு), நெடில் இரண்டு. 'படம்' சொல்லும்போது 'ப'வுக்கு ஒரு தட்டு; 'பாடம்' சொல்லும்போது 'பா'வுக்குத் தட்டி, கையைத் திருப்பி ஒரு வீச்சு. காது பிரித்தறிந்த பிறகே எழுத்தைக் காட்டுங்கள். தினம் 10 நிமிடம் போதும். பிள்ளை வேகமெடுத்தால் நெடில் குறுகி இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடும். உடனே நிறுத்தி, மெதுவாகத் தொடங்குங்கள். 2015-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், ஓவியம் கற்ற டிஸ்லெக்சியா பிள்ளைகளைவிடத் தாளத்தை மையமாக வைத்து இசை கற்றவர்கள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறினார்கள்.

எழுத்துகூட்டத் தடுமாறும் சின்னப் பிள்ளைக்குத் தாளம். பாட்டில் ஆசையுள்ள பெரிய பிள்ளைக்குக் கீபோர்டு, அதுவும் முதலில் காதால் கேட்டு வாசிக்கட்டும். எதை எடுத்தாலும் எழுத்தொலிப் பயிற்சியை (எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்துப் பழகுவதை) மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இசை அதற்கு மாற்று அல்ல.