குன்னூர் பக்கம் விரலுக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வயிற்றைப் பார்க்கும் புரோபை (ஸ்கேன் கருவியில் உடல்மேல் வைக்கும் பகுதி) விரலில் வைத்து, 'எல்லாம் இயல்பு' என்று எழுதிக் கொடுத்து, தொடாத கைக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் ஸ்கேன் மையம் ஒன்று குன்னூரில் இருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. கோத்தகிரியிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ விரல் தசைநாணுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நாருக்கு) ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தம்பிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தூள் மூட்டைகளை லாரியில் ஏற்றும்போது அவனுடைய வலது கை நடுவிரல் பலகையில் மாட்டி வெடுக்கென்று மடங்கியது. தோல் கிழியவில்லை. நடுக்கணு வீங்கியது, விரலை முழுதாக நீட்ட முடியவில்லை. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், விரலின் மேற்புறத்தில் ஓடும், விரலை நீட்ட உதவும் தசைநாணை அல்ட்ராசவுண்டில் பார்த்துவரும்படி டாக்டர் சீட்டு எழுதினார்.

"விரலுக்கு எடுப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினேன். "எல்லாம் எடுப்போம் அக்கா. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கையையும் எடுக்க வேண்டும், சேர்த்து 2,400 ரூபாய்" என்றார் கவுண்ட்டரில் இருந்த பெண். ஒப்பிட்டுப் பார்ப்பது சரியான முறைதான், செய்திருந்தால். உள்ளே இருந்தவர் டாக்டர் அல்ல, ஓர் இளைஞர். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைக்கும் வளைந்த பெரிய புரோபை எடுத்து விரலில் வைத்து அழுத்தினார். விரலை மடக்கச் சொல்லவில்லை, நீட்டச் சொல்லவில்லை. இடது கையைத் தொடவே இல்லை. தம்பி செருப்பைக் கழற்றி மாட்டிய நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ரிப்போர்ட் மட்டும் முழுப் பக்கத்துக்கு வந்தது: இரு கைகளின் நடுவிரல் தசைநாண்களும் சீராக உள்ளன, கிழிசல் இல்லை. கீழே நாங்கள் கண்ணாலும் பார்க்காத ஒரு டாக்டரின் கையெழுத்து.

அதை நம்பிச் சுளுக்கு என்று முடிவானது. மாத்திரையும் பிளாஸ்திரியும் ஓடிக்கொண்டிருக்க, விரல் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டு வந்தது. நடுக்கணு மடங்கியே நின்றது, நுனிக்கணு மேல்நோக்கி வளைந்துவிட்டது.

கோயம்புத்தூரில் கை அறுவை நிபுணர் ஒருவரிடம் காட்டினோம். மேசை விளிம்பில் நடுக்கணுவைச் செங்கோணமாக மடக்கி வைத்து, தம் விரலால் தடுத்துக்கொண்டு, "நீட்டுப்பா" என்றார். நடுக்கணுவில் வலு வரவில்லை, நுனி மட்டும் விறைத்தது. நடு எலும்பின் அடியில் வந்து பற்றும் தசைநாணின் மையப்பகுதி அறுந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளமாம். செலவே இல்லாத சோதனை.

அங்கே எடுத்த ஸ்கேனைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஹாக்கி மட்டை போல வளைந்த சின்னப் புரோப். ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, அழுத்தாமல் மேலாக வைத்தார் அந்த ஸ்கேன் டாக்டர். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை. பிறகு தம்பி விரலை மடக்கி நீட்ட, திரையில் தசைநாண் நகர்வதைக் கவனித்தார். கை மூடும்போது கணு மேட்டில் அது பக்கவாட்டில் வழுக்குகிறதா என்றும் பார்த்தார். பிறகு இடது கை விரலையும் அதே வரிசையில் பார்த்தார். புரோப் சற்றுச் சாய்ந்தாலே நல்ல தசைநாணும் கறுப்பாகத் தெரிந்து கிழிசல் போலக் காட்டும் என்பதால், கோணத்தை மாற்றி மாற்றி உறுதி செய்தார். கிழிசல் தெளிவாகத் தெரிந்தது.

குன்னூர் ஃபிலிமை அவரிடம் கொடுத்தேன். ஓரத்தில் இருந்த எழுத்தைத்தான் முதலில் பார்த்தார். அமைப்பு: அப்டமன், அதாவது வயிறு. ஆழம்: 11 செ.மீ. விரலின் கனமே இரண்டு செ.மீ. வராது! வயிற்றுப் புரோப் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி அதிர்வெண்ணில் வேலை செய்யும். ஆழம் போகும், நுணுக்கம் காட்டாது. தோலுக்கு அடியிலேயே மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் தசைநாணுக்கு 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட, முகம் நேராக இருக்கும் 'லீனியர்' புரோப் வேண்டும். 15, 18 என்றால் இன்னும் நல்லது. ஆகவே முன்பணம் கட்டும் முன் எந்தப் புரோப் என்று கேளுங்கள், டாக்டரே எடுப்பாரா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் படியிறங்கிவிடுங்கள்.

அடிபட்ட புதிதில் தெரிந்திருந்தால் நடுக்கணுவை மட்டும் நேராக வைத்து ஸ்பிளிண்ட் (அசையாமல் பிடிக்கும் பட்டை) கட்டி, நுனியை அசைய விட்டு, ஆறு வாரம் போல வைத்திருந்தாலே பெரும்பாலும் போதுமாம். இப்போது கணு இறுகிவிட்டது. முதலில் அதை இளக்கவேண்டும், அறுவை அதற்குப் பிறகுதான் பேச்சு.

மையத்தில் போய்க் கேட்டோம். "ஸ்கேனில் எல்லாம் தெரியும் என்று உத்தரவாதம் இல்லை, ரிப்போர்ட்டின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறோம்" என்றார் மேலாளர். நல்ல கருவியிலும் சில கிழிசல்கள் தப்பும், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இடது கையின் படங்கள் எங்கே என்று கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி என்பதால் எழுத்திலும் கேட்டேன். படம் வரவில்லை. இருந்தால்தானே வரும்.

மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு மையத்திலிருந்து போன் வந்தது: ஒரிஜினல் பில்லைத் திருப்பிக் கொடுத்தால் இடது கைக்கான 1,200 ரூபாயைத் தந்துவிடுவார்களாம். பில்லைக் கொடுக்கவில்லை.